அடியெடுத்துக் கொடுத்தவள்

மேடையின் இடது ஓரம், திரைக்குப் பின்னால்
ஒரு முக்காலி, நீலத்தாள் சுற்றிய விளக்கு,
மடியில் பிரதி.
முப்பத்தோரு வருடம் என் உத்தியோகம் அதுதான்.
நடிகர் வரியை மறந்தால்
முதல் சொல்லை எடுத்துக் கொடுக்க வேண்டும்,
மூன்றாவது வரிசைக்குக் கேட்காமல்.

மோரிஸ் தாக்லியை அங்கிருந்துதான் முதலில் பார்த்தேன்.
பாதி முதுகு, பாதிக் கன்னம்,
காலரில் வழியும் ஒப்பனை.
ஓல்டம், ஐம்பத்து நான்கு, பிப்ரவரி.
வாரத்துக்கு ஒரு நாடகம் அப்போது.
இந்தத் திங்கள் கொலைகாரன், அடுத்த திங்கள் பாதிரி,
இரண்டுக்கும் ஒரே கால்சட்டை.

கிரிம்ஸ்பி துறைமுகத்தில் மீன் ஏலம் கூவுகிறவரின் மகன்.
லண்டனில் ஒரு சீமாட்டி, மணிக்கு அரை கினி வாங்கிக்கொண்டு,
பல்லிடுக்கில் தக்கையைக் கடிக்கவைத்து
அவன் ஊரை அவன் நாக்கிலிருந்து
செதில் செதிலாகச் சுரண்டி எடுத்தாள்.
பிறகு பிரபுபோலப் பேசினான்.
பிரபுக்கள்கூட அவ்வளவு சுத்தமாகப் பேசுவதில்லை.

சினிமா அவனைக் கூப்பிட்டது,
சாவதற்கு.
நாற்பத்து மூன்று படங்கள். பத்தொன்பதில் செத்தான்.
டார்பிடோ தாக்கி, தேநீரில் விஷம் குடித்து,
சர்ரே பக்கம் ஒரு கல்குவாரியில்
வேற்றுக்கிரகத்துப் பாசி மூடி.
“கண் திறந்தபடி சாவதற்குக் கூலி அதிகம் கேட்கணும், ஈனிட்,
இமைக்காமல் கிடப்பது வசனத்தைவிடக் கஷ்டம்” என்பான்.

தொலைக்காட்சியில் ஏழு வருடம் இன்ஸ்பெக்டர்.
பேருந்தில் பெண்கள் அவனிடம்
காணாமல்போன சைக்கிளைப் பற்றிப் புகார் சொன்னார்கள்.
குறித்துக்கொண்டான். நிஜமாகவே, ஒரு சின்ன நோட்டில்.

நாயகன் ஆகவில்லை.
ஏன் என்று அவன் கேட்டதே இல்லை.
இல்லை, ஒருமுறை கேட்டான்,
லீட்ஸில், கடைசி ரயிலைத் தவறவிட்ட இரவில்.
என் வாய் நிறைய சிப்ஸ். தப்பித்தேன்.

மௌனத்தில் இரண்டு வகை.
நடித்த மௌனத்தில் மூச்சு உள்ளே போகும்.
மறந்த மௌனத்தில் குதிகால் அசையும்.
அவன் முகத்தைவிட அவன் குதிகாலை எனக்கு நன்றாகத் தெரியும்.
பிரிஸ்டலில் மட்டும் பிசகினேன்.
கடிதத்தைப் படித்துவிட்டு நின்றான், நின்றான்,
ஒத்திகையில் இல்லாத நிற்பு.
அவனுக்கே அன்றுதான் கிடைத்திருக்கிறது அது.
நான் சொல்லை நீட்டிவிட்டேன்.
இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை.

எழுபத்தெட்டு வயதில் காதுக்குள் பட்டாணி அளவு ஒரு கருவி.
அதற்குள் யார் குரல் என்று கேட்டபோது
ஓய்வில் இருந்த என்னைச் சொல்லியிருக்கிறான்.
ஒன்பது வாரம், பாதி நாடகத்தை நான் பேச அவன் பேசினான்.
கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.
குனிந்து எழும்போது
அவன் சுண்டுவிரல் மட்டும் இடது ஓரத்தைப் பார்த்து அசைந்தது.

இப்போது வொர்திங்கில், கடல் தெரியும் அறை.
போன வாரம் ஒரு காசோலை வந்தது.
நார்வேயில் எங்கோ மறுஒளிபரப்பாம்,
பதினோரு பென்ஸ்.
செவிலி ரோவீனா அதைச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறாள்.

நேற்று அவன் தேநீர்க் கோப்பை
பாதி வழியில் நின்றது.
குதிகாலைப் பார்த்தேன். கம்பளிச் செருப்பு,
ஒன்றும் தெரியவில்லை.
மூச்சைப் பார்த்தேன்.
என் உதட்டில் அவன் பெயர் தயாராக இருந்தது.
பிரிஸ்டலை நினைத்துக்கொண்டு அடக்கினேன்.

அப்புறம் அவன் வாய் திறந்தான்,
தக்கை கடிக்காத வாய்:
“ஏழு ஷில்லிங்கு, ஏழரை,
ஏய் மஞ்சத் தொப்பி, எட்டுன்றியா இல்லியா,
மீனு நாறிடும்டா!”

எந்த நாடகம் என்பதுபோல
ரோவீனா என்னைப் பார்த்தாள்.
எந்தப் பிரதியிலும் நான் படிக்காத வரி அது.
கையைத் தூக்கினேன்.
“எட்டு,” என்றேன்,
கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி.